ஒரு குறி மட்டும் பேனாவில்

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நலம். அப்பாவுக்குக் கண் இன்னும் மங்கிவிட்டது, மற்றபடி குறை இல்லை. மாப்பிள்ளையும் பிள்ளையும் நலம்தானே?

உன் கையெழுத்துப் பிரதி வந்து பதினொரு நாள் ஆகிறது. பதினெட்டு வருஷமா ஊரார் புத்தகத்தையெல்லாம் திருத்துறே, என் புத்தகம்னா மட்டும் உனக்கு நேரம் கிடைக்காதா என்று தொலைபேசியில் கேட்டாய். இரண்டு முறை படித்துவிட்டேன். அதனால்தான் தாமதம்.

முதலில் வேலையைப் பற்றி. முதல் இருபது பக்கங்களை எடுத்துவிடு. நீ பிறந்ததும் பள்ளியில் சேர்ந்ததும் பிறர் சொல்லி நீ கேட்டவை. நீ கண்ணால் கண்டதைப் படிக்கத்தான் வாசகர் வருகிறார். அம்மா தையல் இயந்திரத்தை மிதித்தபடியே உனக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் இடத்தில் தொடங்கு. 'மறக்க முடியாத' என்ற சொல் நாற்பத்திரண்டு இடத்தில் வருகிறது. மறந்திருந்தால் எழுதியிருக்கவே மாட்டாயே. ஒப்பந்தத்தில் உரிமையை நிரந்தரமாக எழுதிக்கொடுக்காதே, ஆண்டு குறித்துக் கொடு. எங்கள் பதிப்பக அலுவலகத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், அச்சில் பெயர் வந்தால் போதும் என்று படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள்.

பிரதியில் மிகவும் பலவீனமான ஆள் நான்தான். அக்கா சிடுசிடுத்தாலும் மனசு தங்கம், அக்கா எதையும் மறக்க மாட்டாள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். குறையே இல்லாத ஒருவர் நினைவுக் குறிப்பில் வந்தால், எழுதியவருக்கு அவரைச் சரியாகத் தெரியாது என்றுதான் பொருள். வேறு யார் எழுதியிருந்தாலும் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். உன் பக்கத்தில் போடக் கை வரவில்லை.

அப்பாவுக்குத் தினமும் காலையில் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்டுகிறேன். நான் வாசிப்பது தீர்ப்பு வாசிப்பது போல இருக்கிறதாம். சின்னவள் எழுத்துக்குக் கொஞ்சம் உயிர் கொடுத்து வாசியேன் என்கிறார். நேற்று ஆறாம் அத்தியாயம் முடிந்தது. இன்று தொண்டை கட்டிவிட்டது என்று பொய் சொன்னேன். நாளைக்கு என்ன சொல்வது? பிரதியைக் குளிர்காலத் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், கண் தெரியாத மனிதரிடமிருந்து.

உன் பதிப்பாளர் இரண்டு சான்று கேட்கிறார் என்று எழுதியிருந்தாய். ஏழாம் அத்தியாயத்தில் உள்ளது உண்மை என்று என் கையெழுத்தோடு ஒரு கடிதம். நீ இத்தனை வருடம் பத்திரப்படுத்திய அந்த நாட்காட்டித் தாளின் படம்.

அந்தத் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார். அம்மாவுக்குக் காலை எட்டு மணிக்கு இதய மாத்திரை. படுக்கையில் இருந்த அவளுக்கு விழுங்கியது நினைவில் நிற்காது, அதனால் கொடுத்தவர் தேதிமேல் ஒரு குறி போட வேண்டும். குறி இல்லை என்று பார்த்த பிறகுதான் மற்றவர் டப்பாவைத் தொட வேண்டும். அதற்காகவே அப்பா ஒரு பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பதினெட்டு நாள் குறிகளும் பென்சிலில் இருக்கும். பத்தொன்பதாம் தேதிக் குறி மட்டும் பேனாவில்.

'குறி இருந்தது, நான் பார்க்காமல் இரண்டாம் மாத்திரையைக் கொடுத்துவிட்டேன்' என்று உன்னைப் பற்றி எழுதியிருக்கிறாய். இல்லை. நீ பார்த்தாய். அங்கே குறி இல்லை. எனக்கு அன்று தேர்வு. மாத்திரையைக் கொடுத்துவிட்டு, குறி போடாமல் ஓடிவிட்டேன். மதியம் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. மருந்து கூடிப்போச்சாம், எல்லாரும் ஆஸ்பத்திரியில இருக்காங்க என்று பக்கத்து வீட்டம்மா சொன்னார். உள்ளே போனேன். கையில் தேர்வு எழுதிய பேனா இருந்தது.

அம்மா போனது மருந்தால்தான் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவே இல்லை. ஆனால் அப்பா உன்னிடம் ஒரே ஒரு முறை, பார்த்துக் கொடுத்திருக்கக் கூடாதாம்மா என்று கேட்டார். உனக்குப் பத்து வயது. நான் கதவருகில் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. பதினாறு வயதுப் பயம் என்று இத்தனை காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்பத்தொன்பதிலும் அதே பயம்தான். இதை எழுதும்போது கூடக் கதவைத் தாழிட்டிருக்கிறேன்.

'இன்றுவரை என் பிள்ளைக்கு நான் மருந்து கொடுத்ததில்லை, கை நடுங்கும், அவர்தான் கொடுப்பார்' என்று அந்த அத்தியாயத்தை முடித்திருக்கிறாய். எனக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் முன்பே சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசைதான். அதையும் நம்பாதே.

பதிப்பாளருக்காக நீயே எழுதி அனுப்பிய கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன், கையெழுத்துப் போடாமல். வேண்டுமானால் இந்தக் கடிதத்தை அப்படியே ஏழாம் அத்தியாயத்தில் சேர்த்துக்கொள். ஒரு சொல்லும் திருத்தச் சொல்ல மாட்டேன். விடிந்ததும் இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, இதன் நகலை அப்பாவுக்கு வாசிப்பேன். இந்த வரிசை மாறினால் எனக்குத் தைரியம் நிற்காது.

நீ பேசாமல் இருந்துவிட்டாலும் நான் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். பிள்ளைக்கு உடம்புக்கு எதுவும் வரக் கூடாது. வந்தால், மருந்தை நீயே அளந்து, நீயே கொடு. உன் கை அன்றைக்கும் தவறவில்லை, தங்கம்.

நன்றாக இரு.

இப்படிக்கு,
அக்கா