ஐம்பதில் நான்கு தடவை

மொன்ட்ரியால்-நோர்,
கார்த்திகை 3.

சேசு மரி சூசை துணை.

அன்புத் தங்கச்சி சிசிலிக்கு,

உன் யோசெப்பின் அக்கா எழுதுகிறேன். சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீ டொரண்டோவில் உன் சொந்தத் தமக்கை வீட்டில் இருக்கிறாய் என்று பங்குச் சுவாமி சொல்லித்தான் அறிந்தேன். விலாசமும் அவர்தான் தந்தார். போனில் கதைத்தால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசி. கடைசிவரைக்கும் வாசி.

நேற்று மரித்தோர் திருநாள். என் றொசானிடம் போனோம். கல்லில் பெயர் வெட்டி வந்துவிட்டது. மெழுகுதிரி காற்றுக்கு நிற்கவில்லை. ஷெரோன் தன் தொப்பியைக் கழற்றி மறைத்துப் பிடித்தாள். அப்படியும் அணைந்தது. மூன்று தரம் கொளுத்திவிட்டு வந்துவிட்டோம்.

மாடியில் நீங்கள் இருந்த வீட்டுக்கு ஒரு ஹெயிட்டிக் குடும்பம் வந்திருக்கிறது. அந்தப் பெண் படியில் கண்டால் சிரித்துக்கொண்டு போன்ஜூர் சொல்லுவாள். அந்த அறையில் என்ன நடந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவளுக்குச் சின்னப் பிள்ளைகள் இரண்டு. என் தலைக்கு மேல் ஓடித் திரிகிறார்கள். அந்த அறைக்குள்ளும் ஓடுகிறார்கள்.

சிசிலி, புரட்டாதியில் நீ சுவாமியிடம் சொல்லி அனுப்பினாய், என்ர பிள்ளை ஜெனாட்டுக்காக ஜட்ஜுக்கு ரெண்டு வரி நல்லதா எழுதச் சொல்லுங்கோ சுவாமி, அக்கா எழுதினா கேப்பினம் என்று. அதற்கு நான், என்ர பிள்ளையைத் திண்டவனுக்கு நான் நல்லது எழுதவோ எண்டு அவளிட்டக் கேளுங்கோ என்று சொல்லிவிட்டேன். சுவாமி அதை உனக்குச் சொன்னாரோ மறைத்தாரோ தெரியாது. சொல்லியிருந்தால், அது கோபத்தில் வந்த கதை என்று நினைத்திருப்பாய். கோபமில்லை. பயம். என்ன பயம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஐப்பசியில் நடந்த விசாரணைக்கு நீ வரவில்லை. உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். நான் போனேன். பொலிஸ் ஆய்வுகூடத்திலிருந்து ஒரு மனிதர் வந்து அந்தத் துவக்கைப் பற்றிச் சொன்னார். ஷெரோன் பக்கத்தில் இருந்து எனக்குத் தமிழில் சொன்னாள். மலிவான சாமானாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாதியாம். நம்பி வைத்திருக்க ஏலாது என்று பெயர் எடுத்ததாம். ரவை சிக்கிக்கொண்டு நிற்குமாம், அமத்தினால் சில நேரம் வெடிக்காதாம். அவர் ஐம்பது தரம் சுட்டுப் பார்த்தாராம். நான்கு தரம் சிக்கியதாம்.

நான்கு தரம், சிசிலி. அந்த நான்கில் ஒன்று என்ர பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. உலகமெல்லாம் பழுதென்று சொல்லுகிற சாமான் அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது.

வீட்டுக்கு வந்து ஷெரோன் கம்பியூட்டரில் அதைத் தேடினாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்லிக்கொண்டே நானும் பார்த்தேன். நாங்கள் குக்கர் வாங்கமுதல் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறோமே, அதே மாதிரி அதற்கும் சனம் எழுதி வைத்திருக்கிறது. ஒருவன் இரண்டு நட்சத்திரம் போட்டு, அடிக்கடி சிக்குது என்று குறை எழுதியிருக்கிறான். இன்னொருத்தன் நான்கு போட்டு, கொடுத்த விலைக்கு நல்ல சாமான், தன்னைக் கைவிடவில்லை என்று எழுதியிருக்கிறான். ஷெரோன் வாசித்து முடித்துவிட்டு, அம்மா நாங்கள் எத்தினை போடுறது என்று கேட்டாள். நான் அவளை அடித்துவிட்டேன். பிறகு இரண்டு பேரும் அப்படியே நிலத்தில் இருந்தோம்.

இனிச் சொல்லுகிறேன். அந்தத் துவக்கை நான் முன்னமே கண்டேன். நடப்பதற்குப் பத்து நாளைக்கு முன்.

றொசானுடைய பனிச் சப்பாத்துக்குள் ஒரு காலுறை. அதற்குள் இருந்தது. விளையாட்டுச் சாமான் என்றுதான் முதலில் நினைத்தேன். இவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அருமைராசா அண்ணை துவக்குகளோடை வளந்த ஆள் என்று நீயே பகிடி பண்ணுவாய். வன்னியில் அந்தக் கடைசி வருசங்களில் இவர் காணாத துவக்கு இல்லை. கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார், சிசிலி. சிரித்தார். பெடியங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு முன்னால் இருத்தினார். உன் மகன் அழுதுகொண்டு, மாமா பஸ் தரிப்பில ரெண்டு தரம் அடிச்சுப் பறிச்சவங்கள், பயத்தில வாங்கினனான், அம்மா என்ர அறையைத் தேடுவா எண்டு றொசானிட்டக் குடுத்தனான் என்றான்.

இவர் மகசீனைக் கழற்றி ரவைகளைத் தன் கையில் கொட்டினார். துவக்கைத் திரும்ப ஜெனாட்டிடம் எறிந்துவிட்டு, இதென்னடா துவக்கு, திருநாள் கடையில விக்கிற விளையாட்டுச் சாமானுக்கு இதைவிட மரியாதை இருக்கு, ரவை இருந்தாலும் வெடியாது, இல்லாட்டி வெடிக்கவே வெடியாது, குடுத்தவனிட்டயே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வா என்று சொன்னார். பெடியங்களும் சிரித்தார்கள். பயம் போனதென்று நானும் சிரித்தேன். அன்று பின்னேரமே இவர் ஆற்றங்கரைக்குப் போய், தண்ணீர் உறையாமல் ஓடுகிற இடம் பார்த்து ரவைகளை எறிந்துவிட்டு வந்தார்.

உள்ளே ரவை ஒன்று ஏறி நின்றிருக்கிறது. மகசீனைக் கழற்றினாலும் அது வெளியே வராதாம். இவருக்குத் தெரியாததில்லை. பெரிய துவக்கு என்றால் முதல் வேலையாக இழுத்துப் பார்த்திருப்பார். இதைத் துவக்கென்றே மதிக்கவில்லை. அதனால் பார்க்கவில்லை.

பொலிசுக்குச் சொல்லுவோமோ என்று இவர் என்னை ஒரு தரம் கேட்டார். வேண்டாம் என்றது நான். எங்கள் ஊரில் பிள்ளையின் பெயரை ஒருத்தன் வாயால் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளை திரும்பி வராது. அந்தப் பயம் கடல் தாண்டியும் என்னை விடவில்லை. உனக்குச் சொல்லாததும் நான்தான். உனக்குப் பிரஷர். சென்ட்-ஆன் கல்லூரியில் ஜெனாட்டுக்கு இடம் கிடைத்த சந்தோசத்தில் கோயிலில் எல்லாருக்கும் கேக் கொடுத்துக்கொண்டிருந்தாய். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்ல? பேந்து சொல்லுவம் என்று விட்டேன்.

லூர்து மாதா திருநாளுக்கு நீயும் நானும் உன் குசினியில் றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்தோம். அந்தச் சத்தம் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? குக்கர்ச் சேப்டி போட்டுது போல அக்கா, அடுப்பைப் பாருங்கோ என்றாய். நான் அடுப்பைத்தான் பார்த்தேன். ஷெல்லுக்குள்ளும் கிபிர்ப் பிளேன் குண்டுக்குள்ளும் ஓடி வந்த எங்கள் இரண்டு பேருடைய காதுக்கும் அது வெடியாகக் கேட்கவில்லை. அவ்வளவு சின்னச் சத்தம். கையைக்கூடக் கழுவிவிட்டுத்தான் போனோம்.

அன்று பின்னேரம் திருப்பிக் கொடுக்க என்றுதான் ஜெனாட் அதை வெளியே எடுத்தானாம். றொசான் தகப்பனைப் போலக் குரல் மாற்றி, வெடிக்கவே வெடியாது, அமத்திப் பாரடா என்றானாம். இவ்வளவும் ஜெனாட் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறான். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மாமா கண்டவர் என்று சொல்லவில்லை. ரவையைக் கழற்றியது யார் என்று ஜட்ஜ் கேட்க, நான்தான் கழற்றி ஆத்தில எறிஞ்சனான் என்றான். அதைக் கேட்டுவிட்டு அரசாங்க வழக்கறிஞர் எழும்பி, மற்றதெல்லாம் கழற்றத் தெரிந்தவனுக்கு உள்ளே ஒன்று நிற்பது தெரியாமல் போகுமோ, இவன் தெரிந்துதான் அமத்தினான் என்று அடித்துச் சொன்னார். உன் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். சொல்லாதீங்கோ மாமி என்று கண்ணாலே சொன்னான். என் பிள்ளையைப் பறிகொடுத்த இடத்தில், உன் பிள்ளை என் புருசனைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். இருந்துவிட்டு பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து சோறும் சமைத்தேன்.

இவர் மாசியிலிருந்து சரியாகக் கதைப்பதில்லை. வேலையால் வந்தால் காரை விட்டு இறங்குவதில்லை. கீழே காருக்குள்ளேயே இருப்பார், ஷெரோன் போய்க் கூட்டிவர வேண்டும். கோயிலுக்கு வருவார், சுவாமி அப்பம் கொடுக்கும்போது நன்மை எடுக்க எழும்ப மாட்டார். என்ர வாய்தான் அவனைக் கொன்றது என்று ஒருநாள் சொன்னார், அவ்வளவுதான். நேற்றுக் கல்லறையால் வந்து நான் சொன்னேன், ஜெனாட்டின்ர லோயரிட்டப் போய் எல்லாத்தையும் சொல்லப்போறன், உங்களுக்கு வழக்கு வந்தாலும் வரட்டும், ஊர் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று. இவர் எழும்பி அறைக்குள் போனார். கதவைச் சாத்திக்கொள்ளப்போகிறார் என்று நினைத்தேன். றொசானை மண்ணில் தாட்ட அன்று போட்ட கோட்டை எடுத்துவந்து என் மடியில் வைத்து, இதை அயர்ன் பண்ணி வை, நானும் வாறன் என்றார்.

வியாழக்கிழமை போகிறோம். ஷெரோன் பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டிருக்கிறாள், எங்களுக்காகப் பிரெஞ்சில் சொல்ல. தகப்பன் செய்ததைப் பிள்ளையின் வாயால் சொல்லுவிக்கப்போகிறேன். வேறு வழி தெரியவில்லை. இதனால் ஜெனாட்டுக்குத் தண்டனை குறையுமோ, இவரையும் பிடிப்பார்களோ, ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. றொசான் வரப்போவதில்லை, அது மட்டும் விளங்குகிறது.

இதை வாசித்தபிறகு நீ என்னோடு கதைக்காமல் விடலாம். உனக்கு ஒரு சொல் சொல்லியிருந்தால் நீ அன்றைக்கே அதைப் பிடுங்கிக்கொண்டு பொலிசுக்கு ஓடியிருப்பாய். உன் குணம் எனக்குத் தெரியும். இன்றைக்கு இரண்டு பேரும் கல்லூரி பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பார்கள்.

பதினெட்டாம் தேதி தீர்ப்பு. நீ வா சிசிலி. அங்கே செத்தவன் ஆட்களுக்கு ஒரு பக்கம், சுட்டவன் ஆட்களுக்கு மற்றப் பக்கம். போனமுறை உன் பக்கத்து வாங்கு ஆள் இருக்காமல் வெறுமையாகக் கிடந்தது. ஜெனாட் அடிக்கடி திரும்பி அதைத்தான் பார்த்தான். நீ எந்தப் பக்கம் இருந்தாலும் நான் வந்து பக்கத்தில் இருப்பேன். எழும்பிப் போ என்று சொன்னால் எழும்பிப் போவேன்.

இன்னொன்று. அன்றைக்கு நாங்கள் சுற்றி வைத்த றோல்ஸைப் பொரிக்கவில்லையே. கோயிலால் வந்த பெண்கள் யாரோ அதை எடுத்து என் வீட்டுப் பிறீசருக்குள் வைத்துவிட்டார்கள். இப்போதும் இருக்கிறது. நீ சுற்றியது எது, நான் சுற்றியது எது என்று பார்த்தாலே எனக்குத் தெரியும். எறிய என் தனிக் கை போகுதில்லை. நீ வந்தால் இருவருமாக எறிவோம்.

சிறையில் ஜெனாட்டைக் காண விட்டால் வடிவாகச் சாப்பிடச் சொல்லு. மாமி சொன்னவ என்று சொல்லு. மாதா அவனைக் காப்பாற்றட்டும். காப்பாற்ற இனி எங்கள் இரண்டு பேருக்குமாக ஒரு பெடியன்தானே அவளிடம் மிச்சம்.

இப்படிக்கு,
உன் அக்கா
யோசெப்பின்