அப்பாவின் பறவை நோட்டு

பஸ்ரா
ஆகஸ்ட் 19

அன்பு மகள் ஷதாவுக்கு,

உன்மேல் சாந்தி உண்டாகட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் குறையில்லை, உனக்கும் இல்லாதிருக்க வேண்டும். குழாயில் இன்னும் உப்புத் தண்ணீர்தான் வருகிறது, தேநீருக்குக்கூட விலைக்குத்தான் வாங்குகிறேன். கல்லூரி நூலகத்தில் பாதி நாள் மின்சாரம் இல்லை, இருட்டில் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.

உங்கள் ஊர் நூலகத்துக்கு நம் நாட்டைப் பற்றி நான்கு புத்தகங்கள் சொல்ல வேண்டும், வரலாறு, பயணம், சாப்பாடு, இயற்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று என எழுதியிருந்தாய். மூன்றை அனுப்பிவிட்டேன். வரலாற்றுக்கு, துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர் எழுதியது. ஆட்சி மாறியதையெல்லாம் நாலு வரியில் முடித்துவிட்டு எந்தக் கப்பலில் எந்தப் பேரீச்சை போனது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார், அதனாலேயே அவரை நம்பலாம். பயணத்துக்கு ஒரு வெளிநாட்டுக்காரர் எழுதியது. சதுப்பு நிலத்தில் ஏழு மாதம் தங்கிச் சாப்பிட்டவர், ஆனால் அவருக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த ஒரு பெண்ணின் பெயர்கூடப் புத்தகத்தில் கிடையாது, அதை மனதில் வைத்துக்கொண்டு படி. சமையல் புத்தகம் இங்குள்ள பெண்கள் சங்கம் போட்டது. அதில் வரும் மீன்களில் பாதி இப்போது சந்தைக்கே வருவதில்லை, அதையும் வரலாற்று அலமாரியிலேயே வைக்கச் சொல்.

நான்காவதாக நீ கேட்டது அப்பாவின் பறவை நோட்டு. சில பக்கங்களை மொழிபெயர்த்து நூலகத்தில் வைக்கலாம் என்றாய். அது மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும். அவரை அடக்கம் செய்தபோது உன்னால் வர முடியவில்லை, அவர் கையெழுத்தில் ஒரு வரிகூட உன்னிடம் இல்லை. நோட்டை அவர் சதுப்பு நிலத்தில் சிபாயிஷ் பக்கம் இருக்கும் தன் சிறுவயது நண்பர் முஹைசினிடம் கொடுத்து வைத்திருந்தார், அதைக் கேட்டு வாங்கிவர, சென்ற வெள்ளிக்கிழமை வஹீதா அத்தையோடு போனேன். வழியெல்லாம் அத்தை, காப்பி குடுத்தா வாங்கி முன்னால வச்சுக்கோ, குடிச்சிடாத, அவரு தரேன்னு சொன்னப்புறம் குடி, டவுன்ல பொறந்தவளுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தெரியாமல் என்ன. என்னைப் பெண் கேட்டு வந்தபோது உன் அப்பாவின் பெரியப்பா கோப்பையைத் தொடாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார், என் அப்பா சரியென்ற பிறகுதான் ஆறிப்போன காப்பியைக் குடித்தார்.

சிபாயிஷுக்கு அப்பால் முஹைசின் வீட்டைச் சுற்றி இப்போது வெடித்த சேறுதான். நாற்பது எருமைகளில் ஆறு மிச்சம். அவர் சிரித்துக்கொண்டே, தங்கச்சி, உன்னைப் படகுலதான் கூட்டிட்டு வரணும், என்ன பண்றது, படகு இப்ப எங்க வீட்டுக் கோழிக்கூண்டு என்றார். நாங்கள் எதற்கு வந்தோம் என்று அவர் கேட்கவில்லை, வந்தவரை அப்படிக் கேட்பது அங்கே வழக்கமில்லை. அத்தை பெண்களோடு உள்ளே போய்விட்டாள். அவராகவே பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த நோட்டை எடுத்துவந்து, பாரு, உன் வீட்டுக்காரன் செத்தும் எங்களுக்காக வேலை பாக்கறான் என்றார். அப்பா ஒவ்வொரு பறவைக்குக் கீழேயும் தேதி போட்டு, நின்ற இடத்தில் கோல் ஊன்றித் தண்ணீர் எத்தனை சாண் என்று எழுதியிருக்கிறார், நான் அதை இதுவரை கவனித்ததில்லை. அந்தப் பக்கம் எப்போதுமே காய்ந்த நிலம்தான், வாய்க்காலைத் திறக்க வேண்டியதில்லை என்று நீர்ப்பாசன அலுவலகத்தில் எழுதி வைத்திருக்கிறார்களாம். அங்கே தண்ணீர் இருந்தது என்று காட்ட அங்குள்ள பதினொரு குடும்பங்களுக்கும் சேர்த்து இந்த ஒரு நோட்டுதான் உண்டு. நகல் செல்லாதாம், மூலத்தைத்தான் விசாரணைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

அப்போது காப்பி வந்தது. நான் வாங்கிக் குடித்துவிட்டேன். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தேன், எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பும்போது அத்தை விடவில்லை. காலேஜெல்லாம் படிச்சு என்ன, ஒரு கோப்பைய முன்னால வச்சுக்கிட்டு உக்காரத் துப்பில்ல, தாகம்னா வீட்டுலயே குடிச்சிட்டு வந்திருக்கலாமே என்றாள். தாகமாக இருந்தது என்றே சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தால், செத்த தம்பியைவிட முஹைசினின் எருமை உனக்குப் பெரிதா என்று கேட்டிருப்பாள். அவள் கேட்பதிலும் நியாயம் உண்டு. பன்னிரண்டு பக்கங்களைப் படமெடுத்து வந்தேன், பென்சில் எழுத்து, நாலு பக்கம்தான் தெரிகிறது, இதோடு அனுப்பியிருக்கிறேன். விசாரணையில் நோட்டைக் காட்டினால் தண்ணீர் வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. இத்தனை வருடம் எந்தக் காகிதத்துக்கும் வராத தண்ணீர். ஆனாலும் என் கையால் அதை அங்கிருந்து எடுத்துவர முடியவில்லை.

குளிர் வருவதற்குள் நல்ல காலணி வாங்கிக்கொள், வெறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்று நாளை ஓட்டாதே. இறைவன் உன்னைக் காப்பாற்றட்டும், உன் படிப்பிலும் உன் வீட்டிலும் அருள் பொழியட்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. அடுத்த மாதம் தானே போய்க் கேட்டு வாங்கிவருவதாக அத்தை சொல்லிக்கொண்டிருக்கிறாள், அதற்கு முன் உன்னிடம் பேசுவாள். அவள் கேட்டால் முஹைசினால் மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டார். அந்த நோட்டு இனி எனக்கு வேண்டாம் என்று நீயே உன் வாயால் அவளிடம் சொல்ல வேண்டும். இதை உன்னிடம் கேட்க எனக்கு என்ன உரிமை என்று மூன்று நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா,
பல்கீஸ்