நீ கலக்கிய இரண்டு மருந்துகள்

சேரன்மகாதேவி,
தைப்பூசம் கழிந்து பத்தாம் நாள்.

தம்பிக்கு,

உன் சௌக்கியம் எனக்கு வேண்டாம். ஆஸ்பத்திரியில் திரைக்குப் பின்னால் டாக்டரம்மா எனக்கு மட்டும் சொன்னதை, மருந்து கலக்கிக்கொண்டே கேட்ட நீ, பூசத்துக்கு வந்த இடத்தில் என் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

“ஒனக்குப் பிள்ளையே பொறக்காதாமே? ஒந் தம்பியே சொல்லுதான்” என்று மாமியார் படித்துறையில் எல்லார் முன்னிலும் கேட்டார்கள். இப்போது உன் அத்தானுக்கு வேறு பெண் பார்த்தாயிற்று.

எனக்குப் பிள்ளை இல்லாமல் ஆக்கிய அந்த நோயைத் தந்ததே அவர்தான். எனக்கு முன்னால் அவருக்கும் நீதானே மருந்து கலக்கிக் கொடுத்தாய்? அதை மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், “அது ஆஸ்பத்திரி ரகசியம்க்கா, வெளிய சொல்லப்படாது” என்கிறாய்.

நாளை பெண் வீட்டார் வருகிறார்கள். அவர் நோயை அவர்களிடம் நான் சொல்வேன். யார் சொன்னது என்று கேட்டால் உன்னைத்தான் காட்டுவேன்.

இப்படிக்கு,
உன் கூடப்பிறந்த பாவி.