விதைப்பூண்டும் பென் டிரைவும்

அன்புள்ள மகள் தாரணிக்கு மன்னவனூரிலிருந்து அப்பா எழுதுவது. விடாத தூறலில் நனைந்தபடி நானும் உன் அம்மாவும் நலமாகத்தான் இருக்கிறோம், அங்கே பனியில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்கப் பழனியாண்டவர் துணை. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்குப் பதிலாகப் போடுகிற லினக்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் சந்தேகம் கேட்கலாம் என்று ஒரு இணையக் குழுவைக் காட்டினாயே, அதில் நான் தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி எழுதிவிட்டேன். பெயர், தகப்பனார் பெயர், பட்டா எண், செல் நம்பர் எல்லாம் போட்டு, சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து என் கம்ப்யூட்டரைக் காப்பாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொண்டேன். பத்தாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவனுக்கு வேறு எப்படி எழுதத் தெரியும்.

நீ விட்டுப்போன லேப்டாப் திறப்பதற்குள் ஒரு கொத்து பூண்டு உரித்துவிடலாம், அதற்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட்டும் வராது என்றாய். லினக்ஸை உள்ளே ஏற்றாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள் என்றும் சொன்னாய். நாயுடுபுரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிவமுருகன் தம்பியிடம் அதைப் பென் டிரைவில் போட்டு வாங்கிவந்து செருகினேன். திரை பளிச்சென்று வந்தது, ஆனால் எந்தப் பெட்டியைத் திறந்தாலும் காலி. அம்மா தொண்டை ஆபரேஷனுக்கு முந்தின வாரம் நீ பதிவு செய்த அவளுடைய நாலு நிமிடப் பேச்சு, உன் பழைய போன் தொலைந்த பிறகு இந்த லேப்டாப்பில் மட்டும்தானே இருந்தது. அழித்துவிட்டேன் என்றே முடிவு செய்துவிட்டேன். அப்போதுதான் அந்த மனு. மறுநாளே ஒருவன் போன் செய்து, குழுவிலிருந்து பேசுகிறேன், போனதைத் திரும்ப எடுத்துத் தருகிறேன், நான் சொல்லும் ஒரு வரியை அடியுங்கள் என்றான். நானும் பாதி அடித்துவிட்டேன். உன் அம்மா இப்போதெல்லாம் என்னைக் கூப்பிட டம்ளரால் மேசையைத் தட்டுவாள், அன்றைக்குத் தட்டிய தட்டில் டம்ளர் நசுங்கிவிட்டது. போனைப் பிடுங்கி வைத்துவிட்டு சிலேட்டில் எழுதினாள், "யாருன்னே தெரியாதவன் கேட்டா தோட்டத்து வீட்டுச் சாவியைக் குடுத்துருவீங்களா?"

குழுவை நடத்தும் சண்முகப்பிரியா என்ற பிள்ளை அன்று சாயங்காலம் பதில் எழுதியிருந்தது. முதல் வேலையாக என் நம்பரை அழித்துவிட்டு, அய்யா, குழுவிலிருந்து யாரும் போன் செய்ய மாட்டோம், என்ன செய்யும் என்று தெரியாத வரியை யார் சொன்னாலும் அடிக்காதீர்கள், நீங்கள் எதையும் அழிக்கவில்லை, நீங்கள் பார்த்தது பென் டிரைவுக்குள் இருக்கும் லினக்ஸை, உங்கள் சாமான் உள்ளே அப்படியே இருக்கிறது, நிறுத்திவிட்டு பென் டிரைவைக் கழற்றித் திரும்ப ஆரம்பியுங்கள் என்று சொல்லியிருந்தது. அப்படியே செய்தேன், எல்லாம் இருந்தது. அந்தப் பேச்சை ஓட்டினேன். "ஏங்க, மழை வருது, பூண்டு வெளிய கெடக்கு, என்னத்த வேடிக்க பாக்குறீங்க, வெரசா வாங்க" என்று உன் அம்மா என்னைத் திட்டினாள். பக்கத்திலிருந்த உன் அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள்.

லினக்ஸை ஏற்றும் முன் இரண்டு நகல் எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள் என்று அந்தப் பிள்ளை சொன்னபோதுதான் எனக்கு வெட்கமாகிவிட்டது. விதைப்பூண்டைப் பாதி நம் பரணிலும் பாதி உன் சித்தப்பா வீட்டுப் பரணிலும் பிரித்து வைக்காமல் நான் என்றைக்காவது சந்தைக்குப் போயிருக்கிறேனா? ஒரு நகல் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. இன்னொன்று இந்தக் கடிதத்தோடு வருகிறது, ஈரம் படாமல் வை, கிடைத்ததும் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல், அதற்குப் பிறகுதான் லினக்ஸை ஏற்றுவேன். இனி எனக்கு அவசரம் இல்லை, பட்டது போதும். வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசியைச் சொல், இருவரும் நோய்நொடியில்லாமல் நல்லா இருங்கள்.

பயந்துட்டீங்களாப்பா என்று போனில் கேட்டாய், அதெல்லாம் இல்லை தாயி என்றேன். அம்மா பக்கத்தில் இருந்தாள், அதனால் சொல்லவில்லை. எல்லாம் போய்விட்டது என்று நினைத்த அந்த இரண்டு நாளும் அவள் குரலை மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் கேட்ட குரல், எப்படி இருக்கும் என்றே எனக்கு ஞாபகம் வரவில்லை.

உன் அப்பன்
நல்லசாமி