பச்சை திரும்பிய கிழமை

நேற்று மகளின் மீன்களுக்குத் தீன் வாங்கவென்று செல்லப்பிராணிக் கடைக்குப் போனேன். வாசலிலேயே அந்த மணம் அடித்தது. ஈரமான முட்டை அட்டையும் அதற்குள் உயிர்த்தீனாக விற்கிற சில்வண்டுகளும் சேர்ந்த மணம். ஒரு பெட்டி முழுக்க அவை கத்திக்கொண்டிருந்தன. வாங்க வந்ததை மறந்து காருக்குள் வந்து இருந்துவிட்டேன். நீ கண்ணை மூடி இது இரண்டாவது பனிக்காலம். உன்னோடு பேச வேண்டும்போல இருந்தது, அதுதான் எழுதுகிறேன்.

போர் முடிந்த அந்த வருடம் இங்கே வோபர்னில், ஒரு வீட்டின் நிலத்தடி பேஸ்மென்றில் சிநேகிதிகள் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். என் மகள் அப்போது சின்னப்பிள்ளை, ஊரில் என் அம்மாவோடு இருந்தாள். விடிய ஒன்றாக பிறம்ரன் வெயர்ஹவுஸுக்கு வேலைக்குப் போய் ஒன்றாகத் திரும்புவோம். வன்னியில் சண்டை கடற்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. உன் தம்பி அதற்குள் அகப்பட்டிருந்தான். தை மாதத்துக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பங்குனியில் மேல்வீட்டுக்காரர் வீடு மாறியபோது, வளர்த்த பச்சோந்தியைக் கூண்டோடு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். நீ அதைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாய்.

"வேலியிலை போன ஓணானைப் பிடிச்சு மடியிலை கட்டின கதையாப் போச்சு," என்றேன். ஓணானைக் கண்டால் கல்லெடுக்கிற ஊரில் பிறந்தவர்கள்தானே நாங்கள்.

நீ சிரிக்கவில்லை. "குளிருக்கை விட்டிட்டுப் போட்டாங்களடி. பார், இன்னும் மூச்சிருக்கு."

பிறகு நீ அதைப் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். பழைய கூண்டை எறிந்துவிட்டுக் காற்றோட்டமான கம்பிவலைக் கூண்டு வாங்கினாய். உள்ளே இலைச்செடி, ஏறிப் பிடிக்கக் கொப்புகள், வெயிலுக்குப் பதிலாக ஒரு யூவி பல்ப், சூட்டுக்கு இன்னொரு பல்ப். கிண்ணத்தில் வைத்த தண்ணீரை அது திரும்பியும் பார்க்கவில்லை. இலையில் உருளும் துளியைத்தான் நக்கும் என்று அறிந்து, அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கிற போத்தலால் காலையும் மாலையும் இலைகளை நனைத்தாய். சில்வண்டுகளைக் கல்சியம் மாவில் பிரட்டிக் கொடுத்தாய். எனக்குக்கூட நீ அவ்வளவு பார்த்துச் சமைத்ததில்லை.

ஒன்றில்தான் பிழைவிட்டாய். இரவில் அந்த பல்புகளை அணைக்க மறுத்தாய். இருட்டில்லாவிட்டால் அதற்கு உறக்கம் வராது, உறங்காவிட்டால் செத்துப்போகும் என்று கடைக்காரப் பெண் சொன்னதை உன்னிடம் சொன்னேன்.

"தம்பி உள்ளுக்கை நிக்கேக்கை வீட்டிலை எரியிற விளக்கை நான் நூர்க்கமாட்டன்," என்றாய். பிறகு மெதுவாக, "உது இருக்குமட்டும் அவனும் இருப்பான்."

அன்றிலிருந்து அந்த விலங்கைப் பார்க்கவே பயந்தேன். சித்திரை முடியும்போது அது கறுத்துப்போயிருந்தது. பகலிலும் கண்ணை மூடிக்கொண்டு கூண்டின் அடியில் கிடந்தது. ரீவியில் கடற்கரையில் புகை எழும். நீ புகையைப் பார்ப்பாய், உடனே கூண்டைப் பார்ப்பாய். அது செத்தால் உன்னை எப்படிப் பிடித்து நிறுத்துவேன் என்பதுதான் என் கவலை.

ஒரு சனிக்கிழமை பொழுதுபடும்போது சாமித்தட்டில் நல்லெண்ணெய் விளக்கை ஏற்றினேன். பேஸ்மென்றில் நெருப்பே கூடாது என்று சொல்லியிருந்த வீட்டுச் சொந்தக்காரர் கண்டிருந்தால் எங்களையும் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். "பார், விளக்கு எரியுது. இடம்தான் மாறியிருக்கு. இனி அதை உறங்க விடு," என்றேன். நீ கிட்ட வந்து திரியைக் கொஞ்சம் தூண்டிவிட்டாய். பிறகு நீயே போய் பல்புகளின் சுவிச்சைத் தட்டினாய்.

இரண்டு கிழமைக்குள் கறுப்பு வடிந்தது. கொப்பில் ஏறி இருந்தது, பச்சைப் பசேலென்று. "பச்சை வந்திட்டுதடி! அவனுக்கு ஒண்டுமில்லை!" என்று கத்தினாய். பால்ப்புக்கை பொங்கினாய். நானும் சாப்பிட்டேன். அந்தக் கிழமைதான் எல்லாம் முடிந்துவிட்டது என்று செய்தி சொன்னார்கள்.

தம்பியோடு வன்னியில் இருந்த உன் மாமி பிறகு முகாமிலிருந்து போன் எடுத்தபோது சத்தமாகக் கேட்கும்படி போட்டாய்.

"பிள்ளை, அவன் மாசியிலேயே செத்துப்போட்டான். பங்கருக்குப் பக்கத்திலை தாட்டுப்போட்டுத்தான் வெளிக்கிட்டனாங்கள். உங்களுக்குச் சொல்ல வழியில்லாமப் போச்சு."

மாசி. நீ கூண்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தபோதே அவன் இல்லை. நாங்கள் காவல் இருந்ததெல்லாம் செத்தவனுக்கு.

நீ எழுந்தாய். அதை வெளியே எறியப்போகிறாய் என்று நினைத்துக் கூண்டுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளடி. அது விடியத்திலையிருந்து தண்ணி குடிக்கேல்லை," என்றாய். போத்தலை எடுத்து இலைகளுக்குத் தெளிக்கத் தொடங்கினாய். தெளித்துக்கொண்டேதான் குளறி அழுதாய்.

அது இன்னும் நாலு வருடம் உன்னோடு இருந்தது. அது கறுத்தாலும் பச்சையானாலும் நீ அதற்குப் பிறகு ஒரு பொருளும் சொன்னதில்லை. பல வருடம் கழித்து, உன் கடைசி நாட்களில், ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே இருந்து, "யன்னலிலை இருக்கிற ஐஸ் உருகுமட்டும் தாக்குப்பிடிச்சியெண்டால் நீ தப்பீடுவாய்," என்று நான் உளறியபோது, கண் திறந்து என்னை ஏசினாய். "என்னை ஒண்டிலையும் கட்டிவைக்காதையடி. அது அறுந்தால் நீதான் விழுவாய்."

உன் சொல் காதிலேயே இருக்கிறது. ஆனால் நீ விட்ட பழக்கம் என்னிடம் வந்துவிட்டது. மகள் பனிக்குள் ஹைவேயில் காரோட்டி வேலைக்குப் போகிறாள். போய்ச் சேர்ந்ததும் போன் எடுப்பாள். தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதிப்பதற்குள் எடுத்தால் அவளுக்கு ஒன்றுமில்லை என்று மனதுக்குள் கட்டிவிடுகிறேன். வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கட்டுகிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கேத்தில் கொதித்து அடங்கிவிட்டது. அவள் இன்னும் எடுக்கவில்லை.