வால் மட்டும் விழுந்த படங்கள்

என்னங்க, உங்கள் பிஸ்கட் டின் நாறுகிறது.

பரண் ஒழிக்க வந்த ஆள்தான் முதலில் மூக்கைப் பிடித்தான். மூடியைத் திறந்தால் நாள்பட்ட காடி வாசனை. உள்ளே உங்கள் பிலிம் சுருள்கள், அவற்றின் மேல் கட்டுக் கட்டாகப் படங்கள். வயதானால் பிலிம் இப்படித்தான் புளிக்குமாம், நம் மகள் போனில் பார்த்துச் சொன்னாள். ஒரு சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தூக்கிப் போட்ரும்மா, இதுல ஒண்ணுமே இல்ல" என்றாள்.

ஒன்றுமே இல்லாததால்தான் அவளுடைய அப்பாவும் அம்மாவும் ஒரு வீட்டில் குடியிருக்க முடிந்தது என்பதை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உங்களிடமே சொல்லிவிடுகிறேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள், வாஸ்தவம்தான். ஆனால் பாதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பல விஷயங்களைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் அந்தக் கால்நடை மருந்தகத்தில் நீங்கள் ஆய்வாளர். ஊருக்கு மாட்டு டாக்டர். ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டு மாட்டின் தொடையைத் தட்டும் நேரத்தில் தலைக்கு மேல் ஒரு நிழல் ஓடினால் போதும். ஊசியை மாட்டுக்காரர் கையில் திணித்துவிட்டு சைக்கிளில் தொங்கும் கேமராப் பைக்கு ஓடுவீர்கள். ஒரு தடவை நீங்கள் திரும்பி வர நேரமாகி, அந்த மனுஷரே ஊசியைப் போட்டுவிட்டார். மாடு பிழைத்துக்கொண்டது. அதற்கப்புறம் அந்தத் தெருவில் உங்களை யாரும் கூப்பிடவில்லை, அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

கேமரா கூத்தாநல்லூரில் ஒரு பாய் வீட்டில் வாங்கியது. அவர் தம்பி சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதன் லென்ஸ் முழங்கை நீளம் இருக்கும். ஊரில் அதற்குக் குழாய் என்று பெயர். அந்தக் குழாயை வைத்துக்கொண்டு நீங்கள் கொக்கை எடுத்திருக்கலாம், நாரையை எடுத்திருக்கலாம். அவை பாவம், ஒரே இடத்தில் நின்று கொடுக்கும். உங்களுக்குப் பறக்கிற பருந்துதான் வேண்டும். அதிலும் பூனைப் பருந்து. மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால் எங்கிருந்தோ வந்துவிடும். இரை தேடும்போது ஆளுயரத்துக்கு மேல் ஏறாது. இறக்கையை அசைக்காமல் கதிர்களைத் தொட்டும் தொடாமலும் வயல் வயலாகப் போகும், எலி தேடி. ஆள் அசைவு பட்டால் சட்டென்று மேலே எழும்பிவிடும், நீங்கள் சொடுக்குவதும் அப்போதுதான். "அதோட மூஞ்சி தெளிவா வரணும். ஒரே ஒரு படம், அது போதும் எனக்கு" என்பீர்கள்.

படத்தைக் காட்டுங்கள் என்றால் மட்டும், "இன்னும் சரியா வரல." டின்னை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அண்டர்வேர் பையில் போட்டுக்கொள்வீர்கள். பீரோவுக்கு இரண்டு சாவி என்பது உங்களுக்கு அப்போது தெரியாது. நான் எல்லாப் படத்தையும் பார்த்திருந்தேன். வானம். வானம். வானத்தின் மூலையில் ஒரு வால்.

இப்போது அந்தத் தை மாதத்துக்கு வருகிறேன். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, அறுப்புக்கு ஆள் இறங்கவில்லை. கூலி நெல்லை ஏற்றினால்தான் அரிவாளை எடுப்போம் என்று சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். வெளியூர் ஆளை இறக்குவோம் என்று மிராசுதார்கள் சொல்லிவிட்டார்கள். போதாததற்கு நில உச்சவரம்புச் சட்டம் வேறு. பெரிய பண்ணை தன் நிலத்தைச் சமையல்காரர் பேரில், மாட்டுக்காரர் பேரில், செத்துப்போன அத்தை பேரில் எல்லாம் எழுதிவைத்துவிட்டுத் தூக்கமில்லாமல் இருந்தார். இந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் வரப்பில் நின்று குழாயைக் கண்ணில் வைத்துக்கொண்டு, பருந்து போகிற போக்கில் கிழக்கிலிருந்து மேற்காக, வயல் விடாமல் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பார்க்கிறவன் என்ன நினைப்பான்? உங்கள் கண்ணுக்குத்தான் பருந்து. ஊர்க் கண்ணுக்கு நிலம் அளக்கிற குழாய்.

பண்ணைக்காரர்கள், சர்க்கார் ரகசியமாகப் பினாமி நிலத்தைப் படம் பிடிக்கிறது என்றார்கள். சங்கத்தார், வேலைநிறுத்தத்தில் நிற்கிறவர்களைப் போலீசுக்காகப் படம் பிடிக்கிறார் என்றார்கள். உங்களைக் கண்டால் வயலில் ஒரு பக்கம் வேட்டிகள் மறையும், இன்னொரு பக்கம் முந்தானைகள் முகத்துக்கு ஏறும். நீங்களோ வீட்டுக்கு வந்து, "இந்த ஊர் ஜனங்க ரொம்ப கூச்ச சுபாவம்" என்று என்னிடம் சொன்னீர்கள்.

பண்ணையின் காரியஸ்தர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். மோர் குடித்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"டாக்டர் சார், பண்ணை மாடெல்லாம் நல்லாருக்கு. நீங்கதான் நல்லா இருக்கணும். ராமநாதபுரம் பக்கம் ஆடு நெறைய இருக்காம். பாக்கத்தான் ஆள் இல்லையாம்."

பெரிய பண்ணைக்கு மேலிடத்தில் ஆள் உண்டு. முந்தைய ஆட்சியிலும் உண்டு, இந்த ஆட்சியிலும் உண்டு. தோள்துண்டின் கரை மட்டும்தான் மாறியிருந்தது. அவர் சொன்னால் மாற்றல் உத்தரவு வந்துவிடும். கல்யாணமான நாளிலிருந்து நீங்கள் ஒரு ஜில்லா, நான் ஒரு ஜில்லா. மனுப் போட்டு, காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு டீச்சராக இடம் கிடைத்து, ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடத் தொடங்கி ஒரு பொங்கல்தான் போயிருந்தது.

இரண்டு தரப்பையும் தாசில்தார் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் ஒன்றே ஒன்றில் ஒத்துப்போயின. மாட்டு டாக்டர் எடுத்த படங்களை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆபீசிலிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

"கொண்டுபோய்க் காட்டிடுங்க. முடிஞ்சு போகும்" என்றேன்.

"முடியாது."

"மாத்திடுவாங்க."

"மாத்தட்டும். சரியா வராத படத்தை நான் யாருக்கும் காட்ட மாட்டேன், டீச்சரம்மா."

கோபம் வந்தால்தான் எனக்கு அந்தப் பெயர். நீங்கள் சட்டையை மாட்டிக்கொண்டு வெறுங்கையோடு கிளம்பிப் போனீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு பருந்தின் மானத்துக்காகப் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போகிற மனுஷன் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான் என்று காலி வீட்டில் உரக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லி அனுப்பினேன். இரண்டாவது சாவியை எடுத்தேன்.

தாலுகா ஆபீசில் ஒரு பெஞ்சில் மிராசுதார்கள், எதிர் பெஞ்சில் சங்கத்தார், நடுவில் குற்றவாளி மாதிரி நீங்கள். பெரிய பண்ணை சலவைச் சட்டை போட்டு விபூதி பூசியிருந்தார். சங்கத்துப் பெண்களின் தலைவி அஞ்சலை எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தாள். போட்டோ விவகாரம் என்றால் யாருக்குமே ஒரு முன்னெச்சரிக்கை வந்துவிடுகிறது. நீங்கள் தாசில்தாரிடம், "அது என் சொந்த விஷயம் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். நான் டின்னை மேஜைமேல் வைத்தேன்.

"யாரும்மா நீங்க?"

"டாக்டர் சம்சாரம். நீங்க கேட்டது இதுல இருக்கு."

"வீட்டுக்குப் போ, டீச்சரம்மா" என்றீர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு. அப்போதுதான் தலையைக் குனிந்தீர்கள். இதற்கு மேல் நடந்ததெல்லாம் நான் சொன்னால்தான் உங்களுக்குத் தெரியும்.

தாசில்தார் முதல் படத்தை எடுத்தார். வானம். அடுத்ததை எடுத்தார். வானம். மூன்றாவதின் மூலையைக் காட்டி, "இது என்ன?" என்றார்.

"வால் சார்" என்றேன்.

"எதோட வால்?"

"பூனைப் பருந்து சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். படங்கள் இரண்டு பெஞ்சுக்கும் போயின. பெரிய பண்ணை ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பிக்கூடப் பார்த்தார். கடைசியில், "என் வயல் எங்க?" என்றார். அந்தக் குரலில் நிம்மதியைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது. அத்தனை நிலம் வைத்திருக்கிறவருக்கு ஒரு படத்தில்கூட இடமில்லை என்றால் வருத்தம் இருக்காதா?

"எங்க மூஞ்சியும் ஒண்ணுகூடக் காணமே" என்றாள் அஞ்சலை. கட்டிலிருந்து ஒரு படத்தைத் தனியாக உருவி, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். மூலையில் ஒரு இறக்கையின் நுனி, மற்றதெல்லாம் வெறும் வானம். பெரிய பண்ணையின் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, இம்மாம் பெரிய எடம் சும்மா கெடக்குதே. இது யாரு பேர்ல இருக்கு, சமையக்காரர் பேர்லயா, அத்தை பேர்லயா?"

முதலில் சிரித்தது ஆபீஸ் பியூன். அப்புறம் தாசில்தார். அப்புறம் இரண்டு பெஞ்சும். பெரிய பண்ணைகூட வாயைத் துண்டால் மூடிக்கொண்டு குலுங்கினார். காரியஸ்தரைப் பார்த்து, "இவரா சர்வே எடுக்கறாருன்னு சொன்ன? மாட்டுக்காவது ஊசி சரியா போடறாரா?" என்று கேட்டார். அத்தோடு ராமநாதபுரத்து ஆடுகள் பிழைத்தன.

நான் சிரிக்கவில்லை. உங்கள் காது சிவந்துபோயிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷத்து வெயில், எத்தனை சேறு. அதை நான் கொட்டிக் கவிழ்த்து ஊரைச் சிரிக்க வைத்துவிட்டேன். மனசு வலித்தது. ஆனாலும் இன்னொரு தரம் அந்த நிலைமை வந்தால் இன்னொரு தரமும் கொட்டுவேன்.

எல்லோரும் எழுந்தபோது அஞ்சலை அந்தப் படத்தைத் திருப்பித் தரவில்லை. "சார், இதை நான் வச்சிக்கலாமா?"

"அதுல ஒண்ணும் இல்லையேம்மா" என்றீர்கள் தரையைப் பார்த்தபடியே.

"அதான் நல்லாருக்கு. நாத்து நடறப்பவும் குனிஞ்சே கெடக்கறோம், அறுக்கறப்பவும் குனிஞ்சே கெடக்கறோம். மேல இப்படி இருக்குன்னு இப்பதான் பாக்கறேன்."

பேச்சுவார்த்தை அன்றைக்கு முடிந்துவிடவில்லை. சிரித்துவிட்டால் கூலி ஏறிவிடுமா? இன்னும் சில தடவை முறைத்து, எழுந்து போய், திரும்பி வந்து, அப்புறம்தான் ஒரு வழிக்கு வந்தார்கள். நாம் இருவர்தான் எந்த வழிக்கும் வரவில்லை. நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டீர்கள். "சாம்பார்ல உப்பில்ல" என்று சுவரிடம் சொல்வீர்கள். நான் உப்பைச் சுவர் பக்கத்தில் வைப்பேன்.

அறுப்பு தொடங்கிய வாரத்தின் சனிக்கிழமை, அஞ்சலை ஆள் அனுப்பியிருந்தாள். டாக்டர் காலையிலிருந்து வரப்பில் நிற்கிறார், பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை, டீச்சரை வரச் சொல்லுங்கள் என்று. தூக்குவாளியோடு போனேன். ஆட்கள் வரிசையாக அறுத்துக்கொண்டே வர, முன்னால் எலிகள் சிதறி ஓட, பருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. லென்ஸைத் தாங்க நீங்கள் கட்டிய மூங்கில் முக்காலி சேற்றில் இறங்கிக்கொண்டே போனது. நீங்கள் அதைப் பிடுங்குவதும் ஊன்றுவதுமாக இருந்தீர்கள்.

"சார், வருது!" என்று வயல் முழுக்க ஒரே சத்தம். "இந்தத் தடவ தலையையும் சேத்துப் புடிங்க சார்!" குடைக்குக் கீழே நின்ற பெரிய பண்ணைகூட, "கிழக்க, கிழக்க!" என்று கத்தினார்.

நீங்கள் முக்காலியை உதைத்துத் தள்ளினீர்கள். என் கையைப் பிடித்து இழுத்து, பொம்மையைத் திருப்புகிற மாதிரி என்னைத் திருப்பி, அந்தக் குழாயைத் தூக்கி என் தோளில் வைத்தீர்கள்.

"மூச்சு விடாத."

அத்தனை நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். நானும் விடவில்லை. பருந்து நேராக நம்மைப் பார்த்து வந்தது. ஆந்தையைப் போல வட்ட முகம், மஞ்சள் கண். காதோரம் கேமரா சொடுக்கிக்கொண்டே இருந்தது. அது நம்மைத் தாண்டியதும் நீங்கள் கேமராவைத் தூக்கிக்கொண்டு வரப்பில் அதன் பின்னால் ஓடிவிட்டீர்கள். நான் கண்ணில் பூச்சி பறக்கிற வரைக்கும் அப்படியே நின்றேன்.

படம் வந்தது. மூக்கிலிருந்து வால்வரை முழுப் பருந்து, கண்கூடத் தெளிவு. ஊரெல்லாம் காட்டினீர்கள். அஞ்சலை மட்டும் பார்த்துவிட்டு, "இதுல பருந்துதான் பெருசா இருக்கு. எங்கிட்ட இருக்கறதுதான் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி நீங்கள் அவளைத் திட்டித் தீர்த்தீர்கள். சுவரிடம் இல்லை, என்னிடம்.

அதற்கப்புறம் நீங்கள் முக்காலியே கட்டவில்லை. உங்கள் முடி நரைத்து, கை நடுங்கத் தொடங்கிய பிறகும் என் தோள்தான். இப்போது அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது, பருந்துகள் அதன் பின்னாலும் போகின்றன. பஸ் ஜன்னலில் ஒன்றைப் பார்த்துவிட்டால் என் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. பக்கத்து சீட்டுக்காரி தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறாள். போன ஐப்பசியில் ஆஸ்பத்திரியில் உங்கள் மூச்சு நின்றபோதும் நான் என் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பழக்கம். நர்ஸ் வந்து முதுகில் தட்ட வேண்டியிருந்தது.

விடாதே என்று மட்டும்தான் சொல்வீர்கள். விடு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அதற்குள் நீங்கள் பறவைக்குப் பின்னால் ஓடியிருப்பீர்கள், நானாகத்தான் விட்டுக்கொள்ள வேண்டும். விட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.