ஒரு நாள் பிந்திய பிறை

வெள்ளையடிக்க வேண்டும் என்று மகள் அலுமாரிக்கு மேலே கிடந்த உன் சில்லு வைத்த பயணப் பெட்டியை இறக்கினாள். நீ கட்டிய மஞ்சள் கயிறு இன்னும் அப்படியே சுற்றியிருந்தது. அவிழ்த்துத் திறந்ததும் பனங்கட்டி வாசம். உள்ளே ஒரேயொரு குட்டான். ஓலைப் பின்னல் கறுத்து, பனங்கட்டி உருகி, பெட்டியின் சீலையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது. எறும்பும் தின்று அலுத்துக் கைவிட்ட பனங்கட்டி. வாசம் மட்டும் போகவில்லை.

அதனால்தான் இந்த மடல். எழுத்துத் தெரியாதவனுக்கு மடல் ஒரு கேடா என்று நீ சிரிப்பாய். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். சொன்னபடி எழுதுகிறாளா, தன் பாட்டுக்குத் திருத்துகிறாளா, எனக்குத் தெரியாது. நீ பார்த்துக்கொள்.

எனக்கு எழுத்து இல்லை, தலை இருந்தது. உன் பாஸ்போட் இலக்கத்தை இப்போதும் தலைகீழாகச் சொல்லுவேன். சைக்கிளில் மீன் பெட்டி கட்டி உயிலங்குளத்துக்குப் போன காலத்தில் எந்த வீட்டுக்கு ஒட்டி, எந்த வீட்டுக்குத் திருக்கை என்று நாற்பது வீடு மனதில் நின்றது. மாதத்தை மட்டும் நான் கலண்டரில் பார்த்ததில்லை. மஃரிப் தொழுகைக்குப் பிறகு தாழ்வுபாட்டுக் கரையில் நின்று பிறை பார்ப்பேன். அதிலிருந்து நாளை எண்ணுவேன். என் வாப்பா எண்ணியதும் அப்படித்தான்.

நீ சவூதியில் பதினொரு வருடம் இருந்தாய். அங்கே எங்களைவிட ஒரு நாள் முந்திப் பிறை. ஒவ்வொரு பெருநாளுக்கும் விடியவே போன் அடிப்பாய்.

"இஞ்சேருங்கோ, எனக்குப் பெருநாள். வட்டிலப்பம் திண்டுகொண்டு கதைக்கிறன். நீங்கள் இன்னும் பசியோடயோ?"

"அரபியின்ர பிறைக்கு அவசரம். எங்கட பிறை ஆறுதலா, வடிவா வரும்."

"ஓம் ஓம், மன்னார்ப் பிறை பஸ்சில எல்லோ வருது."

வருடா வருடம் இதே பகிடி. வருடா வருடம் நானும் சிரித்தேன்.

அங்கே நீ வேலைக்கு நின்று பராமரித்தது ஒரு கிழவியை. ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் கிடந்தவ. உன் கையால் கொடுத்தால்தான் வாய் திறப்பா. நீ அவவை உம்மா என்றாய். நான் உன் அரபிக் கிழவி என்றேன். எனக்குப் பொறாமை. நான் காய்ச்சலில் கிடந்தபோது எனக்குக் கஞ்சி ஊற்ற நீ இல்லை, அவவுக்கு இருந்தாய். இதை நீ உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

கடைசியாக நீ லீவில் வந்தது மூன்று மாதத்துக்கு. போய்த் திரும்பி வரும் விசா, அந்தத் தேதிக்குள் அங்கே கால் வைத்துவிட வேண்டும். புறப்படும்போது கிழவி உன் சால்வையைப் பிடித்து விடவில்லை என்றாய். "மூண்டு பிறையில வந்திருவன் உம்மா" என்று அவவின் தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு வந்தாய். வந்து இரண்டு கிழமைக்குள்தான் கொரோனா என்று ஊரை அடைத்தார்கள். விமானமும் நின்றது.

நீ பெட்டியை அடுக்கியபடியே வைத்திருந்தாய். கிழவி கஹ்வா குடிக்கும்போது கடிப்பதற்கு நம் பனங்கட்டிதான் வேண்டும். பேரீச்சம்பழ நாட்டுக்குப் பனங்கட்டி! பன்னிரண்டு குட்டான் வாங்கி அடுக்கினாய். விசா முடிகிற நேரம் அரச கட்டளை வந்தது, வெளியே மாட்டுப்பட்ட எல்லோருக்கும் மூன்று மாதம் நீட்டியாயிற்று என்று. அதற்குள் பனங்கட்டி கசிந்துவிட்டது. அதை நாங்கள் வெறுந்தேத்தண்ணியோடு கடித்துத் தீர்த்தோம். நீ புதிதாகப் பன்னிரண்டு வாங்கினாய். பிறகு இன்னொரு நீட்டல், இன்னொரு பன்னிரண்டு. "இந்த விசா நீளுற நீளத்துக்கு எனக்குச் சீனி வருத்தம் வரப்போகுது" என்றேன். நீ சிரிக்கவில்லை. கிழவியின் மகன் போனில் குரல் பதிந்து அனுப்புவான். பின்னால் அவவின் சத்தம் கேட்கும். எத்தனை பிறை என்று கேட்கிறா என்பாய்.

கடைசியாக அந்த மகன் அனுப்பியது இதுதான்: சபர் மாதம் முடியும்வரை விசா இருக்கிறது, அதற்குள் வந்துவிடு. இனி நீட்ட முடியாது. உம்மாவுக்கு முடியவில்லை.

விமானம் ஓடத் தொடங்கியிருந்தது. ஏஜென்சிக்காரத் தம்பி வாசலில் மாஸ்க்கோடு நின்று கேட்டான். "காக்கா, ரெண்டு நாளில சீற் கிடக்கு. செவ்வாயோ, வியாழனோ? விசா எப்ப மட்டும் எண்டு சரியா சொல்லுங்கோ."

நான் விரல் மடித்தேன். தாழ்வுபாட்டில் நான் கண்ட பிறைக்கு வியாழன் இருபத்தொன்பது. "வியாழன் வரைக்கும் விசா கிடக்கு. பகல் விமானம்தானே, பின்னேரம் அங்க இறங்கிடலாம். வியாழனே போடு தம்பி" என்றேன்.

தம்பி உன்னைப் பார்த்தான். "அவர் சொன்னால் பிழைக்காது. வியாழன்" என்றாய். திரும்பிப் போய் அடுப்பில் மிளகாய் வறுத்தாய்.

அந்தச் செவ்வாயும் புதனும் நான் மீனுக்குப் போகவில்லை. செவ்வாய் பின்னேரம் கரையில் இருந்தோம். பக்கத்தில் கருவாடு காயப் போட்டிருந்தார்கள். மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்த பரிசோதனையைப் பற்றி நீ சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். மூக்குக் குத்தினபோதும் இவ்வளவு நோகவில்லையாம். புதன்கிழமை ஒட்டி மீன் பொரித்தாய். முள் எடுத்து என் சோற்றுக் கோப்பையில் வைத்தாய். கிழவிக்கு வைத்துப் பழகிய கை என்று நினைத்தேன். ஆனாலும் தின்றேன்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் என்னை உள்ளே விடவில்லை. நாங்கள் வந்த வானுக்குப் பக்கத்தில் நின்றேன். ஒரு மணித்தியாலம் ஆகியிருக்காது, நீ அதே பெட்டியை உருட்டிக்கொண்டு வெளியே வந்தாய்.

"விசா நேற்றோட முடிஞ்சுதாம்."

"விசர்க்கதை. இண்டைக்கு இருபத்தொன்பதெல்லோ?"

"இஞ்சதான் இருபத்தொன்பது" என்றாய்.

அரபிக் கந்தோரில் விசாத் தேதி போடுவது அரபிப் பிறைக்கு. அங்கே புதனோடு சபர் முடிந்துவிட்டது. பதினொரு வருடம் பெருநாளுக்குப் பெருநாள் பகிடி பண்ணிய அதே ஒரு நாள். ஒன்றையும் மறக்காதவன் அதை மட்டும் எப்படி மறந்தேன்?

வரும் வழியில் புத்தளத்தில் மஃரிப். களப்புக்கு மேலே நகக்கீறல் போல நம் பிறை. நீ வான் கண்ணாடியால் பார்த்து, "இந்தா, உங்கட பஸ் வந்திட்டுது" என்றாய். டிரைவர் எந்த பஸ் என்று திரும்பிப் பார்த்தான்.

முடிந்த விசாவை நீட்ட முடியாது, புதிதாக எடுக்க உன் வயது காணாது போய்விட்டது. அதாவது கூடிவிட்டது. அடுத்த பிறைக்கு முன்னம் அந்த மகனின் குரல் வந்தது. அரபு எனக்கு விளங்காது, அழுகை விளங்கும். நீ என்னை ஏசவில்லை. பெட்டியைத் திறந்து, பதினொரு குட்டானை எடுத்துப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அவவின் பேரில் கொடுத்தாய். ஒன்றை வைத்துப் பெட்டியைப் பூட்டிக் கயிறு கட்டினாய்.

அதற்குப் பிறகு மூன்று வருட நோன்பு நாங்கள் ஒன்றாகப் பிடித்தோம். மூன்று பெருநாளும் ஒரே நாளில் எங்களுக்கு. கடைசி நோன்பில், உன் கால் வீங்கியிருந்த நேரம், தேத்தண்ணியை ஆற்றியபடி கேட்டாய்.

"உண்மையைச் சொல்லுங்கோ. தெரியாமத்தான் வியாழன் எண்டனீங்களோ?"

"அல்லாஹ்வுக்காகத் தெரியாமத்தான்."

"சரி, குடியுங்கோ, ஆறப்போகுது."

சத்தியம் பண்ணினேன், பொய் இல்லை. ஆனால் முழுதும் உண்மை என்றும் இன்று சொல்ல வரவில்லை. மறதிக்கும் ஒரு விருப்பம் இருக்கும்போல.

இந்த இடத்தில் மகள் பேனாவை வைத்துவிட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. "வாப்பா, உம்மாவும் அங்க பதினொரு வருசம் இருந்தவாதானே. அவவுக்குத் தெரியாதோ?" என்கிறாள்.

நான் இதை யோசித்ததே இல்லை, பார். என் பிழை, என் பிழை என்றே இத்தனை நாள் இருந்துவிட்டேன். பகிடியே உன்னுடையது. ஒரு நாள் முந்தி என்று எனக்குக் காட்டித் தந்தவளே நீ. மிளகாய் வறுக்கத் திரும்பியபோது உன் முகத்தை நான் பார்க்கவில்லை. புகையில் நீ கண்ணைத் துடைத்தது மட்டும் ஞாபகம்.

இப்போது இரண்டு பிறையும் எண்ணுகிறேன். அரபிப் பிறையின் முதல் நாளில் அந்த உம்மாவுக்கு மகளை ஒரு யாசீன் ஓதச் சொல்லிக் கேட்கிறேன். மறுநாள், எங்கள் பிறைக்கு, உன் கப்றடிக்கு வருகிறேன். செவ்வாயோ வியாழனோ என்று இன்றைக்கு அந்தத் தம்பி வந்து கேட்டாலும் எனக்கு வாயில் வியாழன்தான் வரும். அதற்காகத்தான் அவவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

நீ அங்கே அவவைக் கண்டிருப்பாய். ஏன் வரவில்லை என்று கேட்டால், மன்னாரில் ஒருத்தன் பிறையைப் பிழையாக எண்ணிப்போட்டான் என்று சொல். உன் பங்கு ஏதும் இருந்தால் அதையும் என் தலையில் போடு. எனக்குப் பாரமில்லை.